கம்ப்யூட்டர் பட்டாவும் கணக்குக் கேட்கிற உரிமையும்
(வளவனூர் வட்டார விவசாயிகளுக்காக நிகழ்த்திய வானொலி உரை)



சம்பா நாற்றைப் பற்றியோ, மல்லாட்டையில் விழும் புழுவைப் பற்றியோ பேசுவார்கள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். இன்றைக்குப் பேசப்போவது பயிரைப் பற்றி அல்ல. நிலம் யார் பேரில் இருக்கிறது, அரசாங்கப் பணம் யார் பேருக்குப் போகிறது என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அந்தக் கணக்கைப் பற்றி. பயிரில் பூச்சி விழுந்தால் இலையைப் பார்த்ததும் தெரிந்துவிடும். கணக்கில் பூச்சி விழுந்தால் வங்கிக் கடன் கேட்கப் போகும்போதோ, நிவாரணப் பட்டியல் வரும்போதோதான் தெரியும். அதற்குள் காலம் கடந்துவிடும்.

இப்போது பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கம், மானியம், பயிர்க் காப்பீடு எல்லாமே கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. இது நல்லதா, கெட்டதா? இதனால் அரசாங்கம் நமக்குப் பதில் சொல்வது கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? வளவனூர், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து விவசாயி இதில் என்ன செய்யணும்? இதைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் பழைய கதை கொஞ்சம். பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அந்தக் காலத்தில் ஊர்க் கணக்கு கர்ணம் வீட்டில் இருந்தது. துணியில் கட்டி வைத்த கட்டு. உங்கள் நிலம் எத்தனை சென்ட் என்று தெரிந்துகொள்ளக்கூட அவர் திண்ணையில் போய் நிற்கணும். அவருக்கு மனசு இருந்தால் கட்டைப் பிரிப்பார். இல்லாவிட்டால் "நாளைக்கு வா" என்பார். பரம்பரையாக வந்த அந்தப் பதவிகளைத் தமிழக அரசு 1980 நவம்பரில் ஒழித்தது. பிறகு கிராம நிர்வாக அலுவலர் வந்தார்.

அதே காலத்தில்தான், 1979 முதல் 1987 வரை, நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்கிறோமே, அதுதான். அதில் பேர் மாறினது, சர்வே எண் மாறினது, அப்பன் பேருக்குப் பதில் பங்காளி பேர் ஏறினது என்று எத்தனையோ பிழைகள். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் நாம் பார்க்கிற கணக்குக்கு அடிப்படை அந்தப் பதிவுதான். ஆகவே கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதாலேயே ஒரு கணக்கு சரியாகிவிடாது. தவறு தாளில் இருந்தால் அதே தவறு திரையிலும் வரும். அச்சு மட்டும் அழகாக இருக்கும்.

ஆனால் பழைய ஏற்பாட்டில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. அதுதான் ஜமாபந்தி, அதாவது வருவாய்த் தீர்வாயம். வருஷத்துக்கு ஒரு தடவை, பசலி முடிகிற சமயத்தில், பெரிய அதிகாரி தாலுகா ஆபீசில் உட்கார்ந்து ஒவ்வொரு கிராமத்துக் கணக்கையும் பிரித்துப் பார்ப்பார். எழுதினவர் எதிரே நிற்பார். "இது ஏன் இப்படி?" என்று கேட்டால் அவர் அங்கேயே பதில் சொல்லணும். குடிமக்களும் மனுவோடு போய் நிற்கலாம். ஜமாபந்தி இன்றைக்கும் நடக்கிறது. கணக்கு, எழுதினவர், கேட்பவர் என்ற மூன்று பேரும் ஒரே இடத்தில் கூடுகிறார்களே, அதுதான் அதில் முக்கியம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு இந்த மூன்றில் எது இருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று பார்க்கலாம்.

கம்ப்யூட்டர் கொடுத்த நன்மையை மறைக்கக் கூடாது. பக்கத்துக் கர்நாடகத்தில் 'பூமி' என்ற திட்டத்தை 2000-ஆம் ஆண்டை ஒட்டி நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 9,000 கிராமக் கணக்கர்கள் கையில் இருந்த சுமார் 2 கோடி நிலப் பதிவுகள் கம்ப்யூட்டருக்கு மாறின. தாலுகாவில் 15 ரூபாய் கட்டினால் யாருக்கும் நகல் கிடைத்தது. அதில் இன்னொரு ஏற்பாடும் செய்தார்கள். பதிவில் கைவைக்கிற ஊழியர் தன் விரல் ரேகையை வைத்துத்தான் உள்ளே போகமுடியும். "நான் செய்யவில்லை, வேறு யாரோ செய்தார்கள்" என்று சொல்ல வழி இல்லை. இந்த விரல் ரேகை விஷயத்துக்குப் பிறகு திரும்ப வருகிறேன்.

நம் தமிழ்நாட்டிலும் 'எங்கிருந்தும் எந்நேரமும்' என்ற அரசாங்க இணைய சேவை இருக்கிறது. செல்போன் இருந்தால் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். இல்லாவிட்டால் இ-சேவை மையத்துக்குப் போகலாம். மாவட்டம், வட்டம், கிராமம், அப்புறம் பட்டா எண் அல்லது சர்வே எண், உட்பிரிவு எண். இவ்வளவுதான் தேவை. பட்டா வரும். புலப்படம் வரும். 'அ' பதிவேடு வரும். நிலம் புறம்போக்கா என்றும் பார்க்கலாம். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். இத்தனைக்கும் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. திண்ணையில் காத்திருந்த காலத்தை நினைத்தால் இது சாதாரண மாற்றம் இல்லை.

ஒரு சின்னக் குறிப்பு. கம்ப்யூட்டர் பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். நாம் ஏக்கர், சென்ட், காணி என்று பேசுகிறோம். ஒரு ஏர் என்பது ஏறக்குறைய 2.47 சென்ட். ஒரு ஏக்கர் என்றால் பட்டாவில் 0-40.50 என்று இருக்கணும். உங்கள் பட்டாவை எடுத்து வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கிரயப் பத்திரத்தில் ஒரு ஏக்கர், பட்டாவில் 0-36 என்று இருந்தால் பதினோரு சென்ட் எங்கே போச்சு என்று கேட்கணும் இல்லையா?

சரி, பார்க்க முடிகிறது. அதனால் மட்டும் ஏமாற்று நின்றுவிடுமா? இதற்குப் பதிலை வெளியூரில் தேட வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே 2020-இல் நடந்தது இருக்கிறது.

பிரதம மந்திரியின் கிசான் நிதித் திட்டம் உங்களுக்குத் தெரியும். சொந்த நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை, நேராக வங்கிக் கணக்குக்கு. 2019 பிப்ரவரியில் தொடங்கியது. நடுவில் ஆள் இல்லை, தாள் இல்லை, கம்ப்யூட்டர் நேராகப் பணம் அனுப்புகிறது, ஆகவே முறைகேட்டுக்கு இடமே இல்லை என்றார்கள்.

2020-இல் கொரோனா ஊரடங்கு சமயத்தில் என்ன நடந்தது? விவசாயிகள் தாங்களே இணையத்தில் விண்ணப்பிக்க வழி திறந்திருந்தது. வந்த விண்ணப்பத்தை நிலப் பதிவோடு சரிபார்த்து அதிகாரி ஒப்புதல் தரவேண்டும். ஒப்புதல் தருவதற்கு அதிகாரிக்கு ஒரு பாஸ்வேர்டு உண்டு. அந்தப் பாஸ்வேர்டு ஒப்பந்த ஊழியர்கள் கைக்கும், தனியார் கம்ப்யூட்டர் மையங்களுக்கும் போய்விட்டது. தரகர்கள் ஊர் ஊராகப் போனார்கள். கொரோனா நிவாரணம் என்று சொல்லி ஆதார் நகலும் வங்கிப் புத்தக நகலும் வாங்கினார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள் பெயரெல்லாம் விவசாயி என்று ஏறியது. சில மாதங்களில் பயனாளிகள் எண்ணிக்கை திடீரென்று எகிறியது. அது கண்ணில் பட்ட பிறகுதான், ஆகஸ்டு மாதத்தில், விஷயம் வெளியே வந்தது.

கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட 13 மாவட்டங்களில் சி.பி.சி.ஐ.டி. போலீசார் வழக்குப் போட்டார்கள். 5 லட்சத்து 95 ஆயிரம் கணக்குகளைச் சரிபார்த்ததில் 5 லட்சத்து 38 ஆயிரம் பேர் தகுதி இல்லாதவர்கள் என்று ஒன்றிய அரசு தெரிவித்தது. போன பணம் ஏறக்குறைய 110 கோடி ரூபாய். அதாவது சராசரியாக ஆளுக்கு ஒரு தவணைப் பணம். ஒப்பந்த ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள். அதிகாரிகள் மேல் நடவடிக்கை வந்தது. அந்தச் செப்டம்பருக்குள் 52 பேர் கைதானதாகச் சொன்னார்கள். பணத்தை வங்கிக் கணக்குகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். தரகருக்குக் கமிஷன் கொடுத்த ஏழை கூலிக்காரர், வாங்கினதைத் திருப்பிக் கட்டவும் வேண்டி வந்தது. கமிஷன் போனது போனதுதான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது மூன்று.

ஒன்று. ஓட்டை இயந்திரத்தில் இல்லை. பாஸ்வேர்டைக் கைமாற்றிய ஆளிடம் இருந்தது. பத்தாயப் பெட்டிக்கு எவ்வளவு நல்ல பூட்டுப் போட்டாலும் சாவியை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனால் என்ன பிரயோஜனம்? கர்நாடகத்தில் விரல் ரேகை வைத்ததற்குக் காரணம் இதுதான். யார் செய்தார் என்ற பெயர் ஒவ்வொரு பதிவிலும் அழியாமல் நிற்கணும்.

இரண்டு. கிராமத்தைத் தெரிந்தவர் ஒருவர்கூட நடுவில் இல்லை. அந்தப் பெயரில் நிலம் இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரோ, உதவி வேளாண்மை அலுவலரோ நேரில் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். வேகம் வேணும் என்று சரிபார்ப்பை விட்டால், வேகமாக வருவது தவறுதான்.

மூன்று. இதுதான் நம்மைப் பற்றியது. இந்தத் திட்டத்தில் கிராமவாரியாகப் பயனாளிகள் பட்டியலை இணையத்தில் பார்க்கலாம். மாநிலம், மாவட்டம், வட்டாரம், ஊர் என்று தேர்ந்தெடுத்தால் பெயர் வரும். உங்கள் ஊர்ப் பட்டியலை எத்தனை பேர் எடுத்துப் பார்த்திருக்கிறோம்? நிலமில்லாதவர் யார், வெளியூர்க்காரர் யார் என்று டெல்லிக்குத் தெரியாது. டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற நமக்குத் தெரியும். யாரும் படிக்காத பட்டியல் பூட்டி வைத்த பட்டியலுக்குச் சமம்.

இனி அடுத்த விஷயம். பார்க்க முடிவது வேறு, பதில் கிடைப்பது வேறு. கணக்கைத் திறந்து காட்டுவது வெளிப்படைத்தன்மை. "ஏன் இப்படி?" என்று கேட்டால் ஒருவர் நின்று பதில் சொல்வது பொறுப்பு. வெளிச்சம் போட்டால் களை தெரியும். ஆனால் களையைப் பிடுங்க ஆள் இறங்கணும். ஜமாபந்தியில் கணக்கு, எழுதினவர், கேட்பவர் மூன்று பேரும் இருந்தார்கள் என்று சொன்னேனே, கம்ப்யூட்டரில் கணக்கு இருக்கிறது, கேட்க நாமும் இருக்கிறோம். எழுதினவர் மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பட்டா மாறுதலுக்கு மனு போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நாளில் 'நிராகரிக்கப்பட்டது' என்று செல்போனுக்கு ஒரு வரி வருகிறது. இ-சேவை மையத்தில் கேட்டால், "எங்களுக்குத் தெரியாதுங்க, சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது" என்கிறார்கள். ஆபீசில் கேட்டால், "ஆன்லைன்ல மறுபடியும் போடுங்க" என்கிறார்கள். இந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் எந்த மனுவையும் தானாகத் தள்ளுபடி செய்வதில்லை. ஏதோ ஒரு மேஜையில் ஒரு மனிதர் பார்த்துத்தான் தள்ளியிருப்பார். அல்லது ஒரு மனிதர் வகுத்த விதிப்படி அது தள்ளியிருக்கும். இரண்டில் எதுவானாலும் காரணம் உண்டு. அந்தக் காரணத்தை எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பட்டா விஷயத்தில் மேல்முறையீட்டுக்கும் வழி இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி, தாசில்தார் உத்தரவு சரியில்லை என்றால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். நம் மாவட்டத்தில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கோட்டாட்சியர் அலுவலகம் உண்டு. அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலர். இந்தப் படிகளைக் கம்ப்யூட்டர் எடுத்துவிடவில்லை. இ-சேவை மையம் என்பது மனு வாங்கி அனுப்புகிற இடம் மட்டுமே. தபால்காரரிடம் போய்க் கடிதத்துக்குப் பதில் கேட்க முடியாது. எழுதினவரிடம்தான் கேட்கணும்.

இந்த இடத்தில் இன்னொரு கஷ்டத்தையும் சொல்லியாகணும். இணையத்தில் ஏறாதவர் அரசாங்கத்தின் கண்ணுக்கே தெரியாதவர் ஆகிவிடுகிறார். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலை இயந்திரம் படிக்கமாட்டேன் என்கிறது. ஓ.டி.பி. எண் மகன் வைத்திருக்கிற செல்போனுக்குப் போகிறது, மகன் திருப்பூரில் இருக்கிறான். தாத்தா பேரில் கிடக்கிற கூட்டுப் பட்டாவில் ஐந்து பங்காளிகள் பயிர் வைக்கிறார்கள், கம்ப்யூட்டரில் ஒருவர் பேரும் சரியாக இல்லை. குத்தகைக்குப் பயிர் செய்கிறவர் எந்தப் பட்டாவிலும் இல்லை. கிசான் நிதியில் அவருக்கு இடமே இல்லை.

2025 தொடங்கி விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கிறார்கள். ஆதார், செல்போன் எண், நிலப் பதிவு மூன்றையும் இணைத்து அந்த எண் வருகிறது. நிலப் பதிவு சரியாக இல்லாதவர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுவார். ஆகவே எந்த உதவி அறிவித்தாலும் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இராமல், பட்டாவை இப்போதே சரி செய்துகொள்வது நல்லது. விதை நேர்த்தியை விதைக்கிற அன்றைக்கா செய்கிறோம்?

கண்காணிப்புக்கு என்று வருகிற இயந்திரமும் தானாகக் கண்காணித்துவிடாது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் செல்போனில் போட்டோ எடுத்து வருகை பதிவது கட்டாயமாக இருந்தது. ஆள் ஏமாற்று இனி நடக்காது என்றார்கள். 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கையில், சம்பந்தமில்லாத படங்களும், போட்டோவைப் போட்டோ எடுத்த படங்களும் ஏற்றப்படுகின்றன என்று சொல்ல வேண்டி வந்தது. படத்தை ஒரு மனிதர் பார்க்கவில்லை என்றால் படம் இருந்தும் என்ன பயன்?

அப்படியானால் நம் கையில் என்ன இருக்கிறது? மூன்று கருவிகள் இருக்கின்றன.

முதல் கருவி தகவல் உரிமைச் சட்டம். ராஜஸ்தானில் 1990-களில் சாதாரணக் கூலிக்காரர்களும் சிறு விவசாயிகளும் சேர்ந்து, தங்கள் ஊரில் வேலை செய்ததாக எழுதின கூலிப் பட்டியலை ஊர் நடுவில் வாசிக்கச் சொன்னார்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்பது அவர்கள் அமைப்பு. வாசித்தபோது செத்துப்போனவர் பேரும், கட்டாத கட்டடமும் கணக்கில் வந்தன. அந்தக் கோரிக்கை நாடு முழுக்கப் பரவி 2005 அக்டோபர் 12 முதல் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. நம் தமிழ்நாடு அதற்கு முன்பே, 1997-இல், தனியாக ஒரு சட்டம் போட்டிருந்தது. ராஜஸ்தானில் 2019-இல் இன்னும் ஒரு படி போய், யாரும் மனுப் போடாமலே ஊர்வாரியாகத் திட்டக் கணக்குகளைப் பார்க்க 'ஜன் சூச்னா' என்று ஓர் இணையதளம் திறந்தார்கள். மக்கள் கேட்டு வாங்கினதற்கு இது ஓர் அடையாளம்.

இந்தச் சட்டத்தை எப்படிப் பயன்படுத்துவது? வெள்ளைத் தாளில் 'பொதுத் தகவல் அலுவலர், இன்ன அலுவலகம்' என்று எழுதி, 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் வரணும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்து மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதணும். அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். நியாயமான காரணம் இல்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

கேள்வியைச் சரியாகக் கேட்கணும். "எனக்கு ஏன் அநியாயம் செய்தீர்கள்?" என்று எழுதினால் பதில் வராது. "இன்ன தேதியில் இன்ன எண்ணுள்ள என் மனு எந்தெந்த அலுவலரிடம் எத்தனை நாள் இருந்தது? நிராகரித்த அலுவலரின் பதவி என்ன? அவர் எழுதின குறிப்பின் நகல் தரவும்" என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லாமல் நழுவுவது கஷ்டம். கண்ணுக்குத் தெரியாமல் இருந்த மேஜை இப்போது தெரிந்துவிடும்.

ஒன்று கவனம். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவை மாற்றியிருக்கிறது. 2025 நவம்பரில் அந்த மாற்றம் நடைமுறைக்கு வந்தது. அடுத்தவர் சொந்த விவரம் என்று சொல்லி மறுப்பது இப்போது அதிகாரிக்குச் சுலபம். பொது நலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்ற பிரிவு இன்னும் இருக்கிறது. ஆகவே அடுத்தவர் ஆதார், வங்கி எண் கேட்காதீர்கள். அது நமக்குத் தேவையும் இல்லை. எத்தனை பேருக்கு, எவ்வளவு, எந்த உத்தரவின்படி, யார் ஒப்புதல் என்று கேளுங்கள். நம் சொந்த விவரமும் அப்படித்தான். எஸ்தோனியா என்று ஐரோப்பாவில் ஒரு சின்ன நாடு. அங்கே ஒரு குடிமகன் தன் அரசாங்கப் பதிவை எந்த அலுவலகம் பார்த்தது என்று தானே இணையத்தில் பார்த்துக்கொள்ள முடியும். அரசாங்கம் நம்மைப் பார்ப்பது போல, நாமும் அரசாங்கத்தைப் பார்க்கணும். அதுதான் ஜனநாயகத்தில் நியாயம்.

இரண்டாவது கருவி கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று 2022 முதல் ஆறு நாட்கள் வைத்திருக்கிறார்கள். வளவனூர் பேரூராட்சி. ஆகவே ஊருக்குள் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. அதற்கு ஈடாகப் பகுதி சபை என்று 2022-இல் தொடங்கியிருக்கிறார்கள். சுற்றுப்பட்டு ஊராட்சிகளுக்குக் கிராம சபை உண்டு. அங்கே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். இணையத்தில் இருக்கிற பட்டியலை அச்செடுத்துக் கொண்டுபோய், "இதைச் சத்தமாக வாசியுங்கள்" என்று கேளுங்கள்.

சத்தமாக வாசிப்பதில் ஒரு பலன் உண்டு. நமக்குப் பக்கத்திலே புதுவை வில்லியனூரை மையமாக வைத்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் எழும்பும் என்பதை இணையத்தில் எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். மீனவர் யாருக்கும் கம்ப்யூட்டர் தெரியவேண்டியது இல்லை, காது கேட்டால் போதும். பட்டா விஷயத்துக்கும், மானியப் பட்டியலுக்கும் இதே வழி பொருந்தும். ஊரில் படித்த பிள்ளை ஒன்று எடுத்துக் கொடுக்கட்டும், பெரியவர்கள் கேட்டுச் சரிபார்க்கட்டும்.

கணக்குக் கேட்பது நமக்குப் புதுசா? திண்டிவனத்துக்கு வடக்கே போனால் உத்திரமேரூர். அங்கே முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டு. குடவோலை போட்டு ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்கிற விதிகள் அதில் வெட்டியிருக்கின்றன. முன்னே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பேரையும், அவருடைய நெருங்கிய உறவினர் பேரையும் குடத்தில் போடக் கூடாது என்பது அதில் ஒரு விதி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னே கல்லில் எழுதி வைத்தார்கள். இன்றைக்குத் திரையில் எழுதுகிறார்கள். எதில் எழுதினாலும் காட்டச் சொல்லிக் கேட்பது ஊராரின் வேலை.

மூன்றாவது கருவி நம் ஒற்றுமை. ஒருத்தர் தனியாகக் கேட்டால் வம்புக்காரர் என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து, மாதந்தோறும் கலெக்டர் ஆபீசில் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுத்தில் கேட்டால், அது ஊரின் கேள்வி ஆகிவிடும்.

இனி, மறக்காமல் செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

1. வருஷத்துக்கு இரண்டு தடவை உங்கள் பட்டாவையும் வில்லங்கத்தையும் இணையத்தில் பாருங்கள். பேர், தகப்பனார் பேர், சர்வே எண், பரப்பு நான்கையும் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள்.

2. எந்த மனுப் போட்டாலும் ஒப்புகைச் சீட்டை வாங்குங்கள். அதில் உள்ள மனு எண்தான் உங்கள் ஆதாரம். கட்டணப் பலகையில் உள்ளதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள்.

3. ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், ஓ.டி.பி. எண் எதையும் தரகரிடம் கொடுக்காதீர்கள். என்ன திட்டம், எந்த அலுவலகம் என்று தெரியாமல் கைரேகை வைக்காதீர்கள். 2020-இல் ஏமாந்தவர்கள் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

4. மனுவில் உங்கள் செல்போன் எண்ணையே கொடுங்கள். மையத்துக்காரர் எண்ணைப் போட்டால் தகவல் அவருக்குத்தான் போகும்.

5. கூட்டுப் பட்டாவாக இருந்தால் பங்காளிகள் உட்கார்ந்து பேசி உட்பிரிவு செய்துகொள்ளுங்கள். வாரிசுச் சான்று, இறப்புச் சான்று தயாராக வையுங்கள்.

6. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக் கெடு எத்தனை நாள் என்பதையும் அப்போதே விசாரியுங்கள்.

7. ஊர்ப் பயனாளிகள் பட்டியலைச் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். தகுதி உள்ளவர் விட்டுப் போயிருந்தால் அதையும் அங்கேயே தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். தப்பாக ஏறினவரைக் காட்டுவது எவ்வளவு அவசியமோ, விட்டுப்போன விதவைத் தாயாரையும் குத்தகைக்காரரையும் காட்டுவது அதைவிட அவசியம்.

விவசாயப் பெருமக்களே, கம்ப்யூட்டர் நமக்கு விரோதி அல்ல. டிராக்டர் வந்தபோதும், பம்புசெட்டு வந்தபோதும் பயந்தோம். பழகிக்கொண்டோம். ஆனால் பம்புசெட்டு ஓடுகிறது என்று வரப்பைப் பார்க்காமல் படுத்துத் தூங்கிவிடுகிறோமா? தண்ணீர் கடைமடை வரைக்கும் போகிறதா, நடுவில் எலிவளை வழியாக ஒழுகுகிறதா என்று மண்வெட்டியோடு ஒரு சுற்று சுற்றி வருகிறோம். அரசாங்கப் பணமும் அப்படித்தான் வாய்க்கால் வழியே வருகிறது. வாய்க்கால் சிமெண்டில் கட்டினதாகவே இருக்கட்டும். வரப்பைச் சுற்றி வர நாம் போயாகணும்.

அடுத்த கிராம சபைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் உங்கள் ஊர்ப் பட்டியலை எடுத்து ஒரு தடவை படித்துவிடுங்கள்.